விருமாண்டி சாலையின் அசல் கிராவல்

ஒரு குடும்பத்தின் கௌரவத்தை அளக்க மனிதன் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் சக்கரத்துக்கு இணையானது வேறில்லை. இந்தப் பேருண்மையைத் தம் வாழ்க்கையாலேயே உலகுக்கு உணர்த்தியவர், மதுரைக்கு மேற்கே ஊசிக்கரட்டுப்பட்டியைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியத் தலைவர் விருமாண்டி. அவருடைய தாத்தா நடந்து போனார். அப்பா மாட்டு வண்டியில் போனார். விருமாண்டி சைக்கிளில் தொடங்கி, புல்லட்டுக்கு உயர்ந்து, தலைவரானதும் ஜீப்பில் ஏறி, பதவி போன பிறகும் கீழே இறங்காமல் வெள்ளைக் காரில் நிலைபெற்றார். எழுபத்தொரு வயதிலும் அந்தக் காரின் இருக்கையில் அவர் முதுகு சாய்ந்ததை யாரும் கண்டதில்லை. சாய்வது சாமானியர்களின் பழக்கம்.

இப்படிப் படிப்படியாக மேலேறிய குடும்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரை ஆனையூரில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரே மகன் அசோக்குமார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

அதைச் சைக்கிள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. மணி இல்லை. ஸ்டாண்டும் இல்லாததால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்தான். ஹேண்டில்பார் கிடாய்க் கொம்பு மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது.

"இதுல இருந்த சாமானையெல்லாம் எவன்டா களவாண்டது?" என்றார் விருமாண்டி.

"வாங்கும்போதே அப்படித்தான்ப்பா. இது கிராவல் சைக்கிள்."

விருமாண்டி டயரை அழுத்திப் பார்த்தார். "காத்தும் இல்ல."

"கிராவலுக்குக் காத்தைக் குறைச்சுத்தான் ஓட்டணும். தார் ரோட்டுல போறதுக்கு இல்ல இது. சரளை, செம்மண்ணு, கல்லு... ஆள் நடமாட்டமே இல்லாத பாதையாத் தேடிப் போறது."

"தார் ரோடு இருக்கையிலயா?"

"தார் ரோடு இருக்கதுனாலதான்ப்பா."

இந்த விடையின் தத்துவ ஆழம் விருமாண்டிக்குப் பிடிபடவில்லை. விலையை மகன் தாயின் காதில் மட்டும் சொன்னான். மாயக்காள் கையிலிருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அம்புட்டு வாங்குனவன் ஒரு ஸ்டாண்டு போட்டுத் தரமாட்டானாக்கும்?"

மறுநாள் காலையிலேயே மாயக்காளின் தம்பி மொக்கைச்சாமி வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துக்க வீட்டில் உட்காருவது போல ஓரமாக உட்கார்ந்தார்.

"மச்சான், கேள்விப்பட்டேன். மனசை விட்டுறாதீக."

"என்னத்தைக் கேள்விப்பட்ட?"

"மாப்ள காரை வித்துட்டாராமே. ஒரு முழுக்கால் சட்டைக்குக்கூட வழியில்லாம, உள்பாடி கணக்கா ஒண்ணை மாட்டிக்கிட்டு மருதை வரைக்கும் சைக்கிளை மிதிச்சுக்கிட்டே போனாராம். பார்த்தவுக கண்ணுல தண்ணி வந்துருச்சாம்."

விருமாண்டி அன்று சாப்பிடவில்லை. வாழைப்பழத்தை மட்டும் மாட்டுக்குப் போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, குடும்ப கௌரவப் பாதுகாப்பு நடவடிக்கை தொடங்கியது. 'மாமதுரை கிராவல் கழகம்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஏழு பேர் அசோக்குமார் தலைமையில் ஊர்க் குன்றான ஊசிக்கரட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு முப்பதடி பின்னால், இந்தக் குடும்பத்தில் கார் இன்னும் இருக்கிறது என்பதை நாட்டுக்கு அறிவித்தபடி, வெள்ளைக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு விருமாண்டி போனார். திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடித்தார். திருப்பம் இல்லாத இடங்களில் ஆடு மேய்ப்பவர்களைப் பார்த்து அடித்தார்.

கழகத்தின் செயலாளர் ரோகிணி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தாள். "அங்கிள், ஹார்ன் அடிக்காம வர முடியுமா? நாங்க வர்றதே அமைதிக்காகத்தான். மயிலெல்லாம் பறந்துடுது."

"அடிக்கலைன்னா கார் வர்றது எப்படித் தெரியும்?"

"யாருக்கு அங்கிள்?"

கேள்வி நியாயமானது. சுற்றிலும் கருவேலங்காடும், நீரில்லாத கண்மாயும், அதற்கப்பால் வெயிலில் வெளுத்த கரடும்தான் இருந்தன. விருமாண்டி கரட்டைப் பார்த்து ஒருமுறை அடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

கண்மாய் தாண்டியதும் சைக்கிள்கள் காலனிச் சாலைக்குத் திரும்பின. இந்தச் சாலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, இப்போது ஆளுக்கொரு துண்டு நிலமும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுமாக இருக்கும் அறுபது குடும்பங்களுக்கு ஊரோடு தொடர்பு இதுதான். விருமாண்டியின் பொற்காலத்தில் தார் போடப்பட்ட சாலை. கோப்பில் அது இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. ஒரு குண்டு குழி கிடையாது. சாலையின் முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டு, திறப்பு விழாவும் நடந்தது. அன்று விருமாண்டி கல்வரைக்கும் வந்து, ரிப்பனை வெட்டி, ஜீப்பைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு கல்லைத் தாண்டிப் போக அவருக்கு அவசியம் நேரவில்லை.

இன்று தாண்டினார். இருநூறு அடியில் காரின் அடிவயிற்றில் ஒரு பாறை ஏறியது. வண்டி ஒருமுறை முனகி, எண்ணெய் வடித்து, நின்றது. ஏழு சைக்கிளும் உற்சாகக் கூச்சலோடு மேட்டில் ஏறி மறைந்தன.

காலனியிலிருந்து தங்கப்பொண்ணு வந்தாள். ஐம்பது வயது, மிளகாய்த் தோட்டத்திலிருந்து நேராக வந்ததால் முந்தானையில் மண் இருந்தது.

"வாங்கய்யா. கல்லைத் தாண்டி இன்னைக்குத்தான் வாரீக."

"ரோட்டுல எவனோ பாறையைப் போட்டிருக்கான்," என்றார் விருமாண்டி.

"ரோட்டுல யாரும் எதையும் போடலைய்யா. அதுதான் எங்க குறையே."

அவள் குறை சிறியது. மகள் தமிழ்வாணி ரெண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். தை மாதம் பேறுகாலம். ஆம்புலன்ஸ் கல்லோடு நின்றுகொள்ளும். முதல் பிரசவத்துக்கு அவளைக் கட்டிலில் வைத்துக் கல்வரைக்கும் தூக்கிவந்தார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. சாலை கேட்டுத் தங்கப்பொண்ணு ஏழு மனு கொடுத்திருந்தாள். ஏழுக்கும் ஒரே பதில்: 'மேற்படி இடத்தில் ஏற்கெனவே தார்ச்சாலை அமைந்துள்ளபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

"இல்லாத ரோட்டை இல்லைன்னு நிரூபிக்க ஆதாரம் கேக்குறாகய்யா. போட்டோ எடுத்துட்டுப் போனேன். இது வேற ஊருப் பாதைன்னுட்டாக."

விருமாண்டி கரட்டைப் பார்த்தார். தங்கப்பொண்ணு நாலு பேரைக் கூப்பிட்டு வந்து காரைத் தள்ளினாள். தலைவர் இறங்கவில்லை. இறங்கி நடந்தால் தாத்தா காலத்துக்குப் போய்விட்ட மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முதுகு நிமிர்ந்து, கல்வரைக்கும் தள்ளப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சைக்கிள்கள் திரும்பி வந்தன. ஏழு முகத்திலும் செம்மண், ஏழிலும் பரவசம்.

"அங்கிள்!" என்றாள் ரோகிணி. "திருவாதவூர்ப் பக்கம் போனோம், இந்தப் பக்கமெல்லாம் சுத்தினோம், எங்க பார்த்தாலும் தாரைப் போட்டுக் கெடுத்து வச்சிருக்காங்க. இங்க மட்டும் ஒரு சொட்டு இல்ல! இதை இவ்வளவு வருஷமா இப்படியே பாதுகாத்தது யாரு?"

பதவி போன பிறகு விருமாண்டியிடம் யாரும் இப்படி ஒரு குரலில் பேசியதில்லை. ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு மேலும் ஓரங்குலம் நிமிர்ந்தது.

"நான்தான்."

காரின் பின்னால் இன்னும் கை வைத்தபடி நின்ற தங்கப்பொண்ணு, "அது சத்தியமான வார்த்தை," என்றாள்.

பத்தே நாளில் விழா ஏற்பாடாயிற்று. பாதைக்கு 'விருமாண்டி சாலை' என்று கழகம் பெயர் சூட்டும். நன்றிச் சான்றிதழ் வழங்கும். ஒன்றிய அலுவலகத்திலிருந்து இளம் பொறியாளர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருவார். விருமாண்டி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். விழா அவருடைய கல்லுக்கு முன்னால் நடக்க வேண்டும். கல்லை மூடியிருக்கும் முள்ளை வெட்டி, எழுத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

முள்ளை வெட்டிய அசோக்குமார் அன்று சாயங்காலம் அப்பாவிடம் வந்தான்.

"அப்பா, கல்லுல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"என் பேரு எழுதியிருக்கு."

"அதுக்கு மேல?"

"மேல என்ன இருந்தா என்னடா?"

"அது முள்ளுக்குள்ளயே கிடக்கட்டும்ப்பா. நான் சொல்றதைக் கேளுங்க."

"என் பேரும் என் அப்பன் பேரும் முள்ளுக்குள்ள கிடக்கணுமா? நீ சைக்கிள்ல போறவன். உனக்கு இது புரியாது."

விழா நாளில் ஊரே கூடியது, காலனியும் கூடியது. பொன்னாடை, மாலை, குளிர்பானம் எல்லாம் முறையாக நடந்தன. ரோகிணி சான்றிதழை வாசித்தாள்: "கழகத்தின் வல்லுநர்கள் அடிக்கு அடி செயலியில் அளந்து, படம் எடுத்துப் பதிவு செய்ததில், இப்பாதை முழுவதும் நூறு விழுக்காடு அசல் கிராவல் என்றும், தார் எந்தக் காலத்திலும் இதன்மேல் பட்ட தடயமே இல்லை என்றும் இதனால் உறுதி செய்யப்படுகிறது." பலத்த கைதட்டல். பொறியாளரும் தட்டினார். பிறகு எழுந்து கல்லின்மேல் கிடந்த துணியை இழுத்தார்.

மஞ்சள் எழுத்துகள் வெயிலில் மின்னின.

'ஊசிக்கரட்டுப்பட்டி காலனி தார்ச்சாலை. பணி முழுமையாக நிறைவுற்றது. திறந்து வைத்தவர்: பெரியகருப்பன் மகன் விருமாண்டி, ஒன்றியத் தலைவர்.'

கைதட்டல் எங்கோ ஓரிடத்தில் நின்றது. கண்மாய்ப் பக்கம் ஒரு மயில் அகவியது.

"ஐயா, அந்தச் சான்றிதழைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லை ஒட்டி நில்லுங்க," என்றாள் தங்கப்பொண்ணு, போனை உயர்த்திக்கொண்டு. போட்டோ என்றதும் விருமாண்டி நின்றார். அது நாற்பது வருஷப் பழக்கம்.

பொறியாளர் அவர் காதருகே குனிந்தார். இளைஞர், நல்ல மனது. "ஐயா, இது வேற யாரோ விருமாண்டின்னு நான் எழுதிக்கிடுறேன். இந்தப் பக்கம் அந்தப் பேரு நெறையாத்தானே இருக்கு."

"ஆமா மச்சான், அப்படியே சொல்லிருங்க," என்றார் மொக்கைச்சாமி.

தங்கப்பொண்ணும் பெரிய மனதோடு சம்மதித்தாள். "வேற ஆளுன்னாலும் சரிதான்யா. எனக்குத் தைக்குள்ள ரோடு வந்தாப் போதும்."

குடும்ப கௌரவத்துக்கு இப்படியொரு சோதனை இதற்குமுன் வந்ததில்லை. பெயரை விட்டுக்கொடுத்தால் தப்பிக்கலாம். ஆனால் ஊர் பார்க்க, சம்பந்திகள் பார்க்க, சைக்கிள்காரர்கள் பார்க்க, கருங்கல்லில் வெட்டிய தகப்பன் பெயரை யாரோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

"வேற எவன்யா விருமாண்டி?" என்று கர்ஜித்தார். "பெரியகருப்பன் மகன் விருமாண்டி இந்த ஒன்றியத்துல ஒருத்தன்தான். இந்த ரோட்டைப் போட்டவன் நான்!"

"எந்த ரோட்டைய்யா?" என்றாள் தங்கப்பொண்ணு. "இந்தா கிடக்கே, இதையா?"

"இதையேதான்!"

"எழுதித் தருவீகளா?"

"கொண்டா பேனாவை!"

சான்றிதழின் பின்பக்கத்தில், நடுங்காத கையால், விருமாண்டி எழுதினார்: 'மேற்படி சாலையை இப்போதுள்ள இதே நிலையில் போட்டவன் நானே.' கீழே கையெழுத்து. அதற்குக் கீழே தம் பழைய பதவி.

"தேதியையும் போடுங்க," என்றாள் மாயக்காள்.

எட்டாவது மனுவை நிராகரிக்க ஒன்றிய அலுவலகத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. மார்கழியில் தார் வந்தது. தை மூன்றாம் தேதி விடியற்காலையில் ஆம்புலன்ஸ் கல்லைத் தாண்டி, தமிழ்வாணி வீட்டு வாசலில் போய் நின்றது. விருமாண்டியை விசாரிக்கவும் ஒரு ஜீப் வந்தது. ஜீப் என்பதால் அவர் மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டார். முதுகு சாயவில்லை.

வருத்தம் கழகத்தாருக்குத்தான். நல்ல பாதை ஒன்று பாழாகிவிட்டதே என்று ரோகிணி கண் கலங்கினாள். ஆனால் அசோக்குமார் அவர்களை நெடுநாள் அலையவிடவில்லை. அப்பாவின் பதவிக் காலத்தில் ஒன்றியம் முழுக்க இன்னும் பதினொரு கல் நடப்பட்டிருந்தது. இன்றைக்கும் அவர்கள் வரைபடம் எதையும் பார்ப்பதில்லை. முள்ளுக்குள் எங்கே அந்தப் பெயர் தெரிகிறதோ, அங்கே இறங்கி டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள்.