ராஜா ஜோடியும் ராஜாத்தியும்

அன்பு மச்சான் மனோகரனுக்கு,

காலடிப்பேட்டையிலிருந்து உன் அக்கா புருஷன் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கே உன் அக்கா ராஜாத்தி மிகவும் சௌக்கியம். நான் இல்லை. மீஞ்சூரில் நீ சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. அதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். என் மகள் மகிழினி, சாத்தாங்காட்டு இரும்புக்கடை தவசிமுத்துவின் மகன் ஜெபினைத்தான் கட்டுவேன் என்று ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் முடியாது என்றேன். அன்று முதல் எனக்குச் சோறு வந்தது, குழம்பு வரவில்லை. இந்த நிலைமையில் எங்கள் தெருச் சங்கத்தில் போக்கர் சீட்டாட்டப் போட்டி வைத்தார்கள். காசு கிடையாது. பந்தயம் கட்ட ஆளுக்கு ஐம்பது இரும்பு வாஷர், கடைசிவரை நிற்பவருக்கு மிக்சி. உன் அக்கா சொன்னாள்: "இன்னாய்யா, எனக்கு முன்னாடி நீ அவுட்டானா கல்யாணத்துக்கு சரின்னு சொல்லணும். நான் அவுட்டானா இனிமே அத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்." முப்பது வருஷத்தில் அவள் வாயை மூடிப் பார்த்ததில்லையே, அந்த ஆசையில் ஒப்புக்கொண்டேன். துறைமுகத்தில் கிரேன் வைத்துக் கண்டெய்னர் தூக்கியவன், இரண்டு சீட்டைத் தூக்க முடியாதா என்ற திமிர் வேறு.

அதோடு நிற்காமல் உன்னிடம் போனில் யோசனை கேட்டேன் பார், அது என் புத்தி. "மாமா, கையில ரெண்டு ஆஸ் வந்தாலோ ரெண்டு ராஜா வந்தாலோ யோசிக்காத, கீறதெல்லாம் நடுவுல தள்ளு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆட்டத்திலேயே எனக்கு இரண்டு ஆஸ். தள்ளினேன். ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கிடைத்தது, ஆட்டம் தொடங்கக் கட்டாயமாகப் போட்டிருந்த மூன்று வாஷர். கக்கூஸ் பக்கம் ஒதுங்கி உனக்குப் போன் போட்டால், "மூஞ்சில காட்டிகினு தள்ளுவாங்களா? கொஞ்சம் பதுங்கு மாமா" என்கிறாய். அடுத்து இரண்டு ராணி வந்தபோது பூனை மாதிரி பதுங்கினேன். உடனே தைரியம் வந்து ஐந்து பேர் உள்ளே நுழைந்தார்கள். அதில் மீன்பாடி வண்டி ரஷீது ஒரு நாலும் ஒரு ஒன்பதும் வைத்திருந்தான். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கிற சீட்டில் இன்னொரு நாலும் இன்னொரு ஒன்பதும் அவனுக்காகவே வந்து விழுந்தன. அவனுடைய இரண்டு ஜோடி என் ஒற்றை ஜோடியை விழுங்கிவிட்டது. "இன்னா நைனா, ரெண்டு ராணிய வச்சிகினா பதுங்கிகினு இருந்த?" என்று துக்கம் விசாரித்துவிட்டு என் பாதி வாஷரை அள்ளிக்கொண்டான். மறுபடி போன் போட்டேன். "வாஷர் கொறஞ்சிடிச்சா? இனிமே பதுங்காத, நல்ல சீட்டு வந்தா தள்ளிடு." நீ போக்கர் சொல்கிறாயா, வானிலை அறிக்கை வாசிக்கிறாயா?

மத்தியானம் நாலு பேர்தான் மிச்சம். எனக்கு இரண்டு ராஜா. உன் அக்கா தன் வாஷர் அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

"ராஜாத்தி, கையில இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல."

மச்சான், ராஜா ஜோடியை அடிக்கக் கையில் ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. கணக்கு தள்ளு என்றது. நீயும் தள்ளு என்றாய். ஆனால் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்கு, பெண்டாட்டி 'ஒண்ணுமில்ல' என்றால் என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டாமா? தள்ளினேன். அவளிடம் இரண்டு ஆஸ். நடுவில் விரித்த ஐந்து சீட்டில் எனக்கு உதவ ஒரு நாதி இல்லை. கடைசி வாஷரும் போய் நான் அவுட். சங்கமே கைதட்டியது. மகிழினி எப்போது வந்து பின்னால் நின்றாளோ, "தேங்க்ஸ்பா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததில் எனக்குத் திட்டக்கூட வரவில்லை. மிக்சி கடைசியில் ரஷீதுக்குத்தான் போனது. உன் அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ தாய்மாமன். உடனே புறப்பட்டு வந்து, சீட்டாட்டத்தில் கொடுத்த வாக்கு செல்லாது என்று உன் அக்காவிடம் சொல்லி இந்தக் கல்யாணத்தை நிறுத்து. எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்குத் தவசிமுத்து வேறு பேச வருகிறாராம்.

உன் வீட்டுக்காரி எழில்மொழி நூறு வயது வாழட்டும். உன்னைப் பற்றி வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் தவசிமுத்து வந்து போய்விட்டார். பேச்சு ஓடாமல் சும்மா சீட்டைக் கலைத்துப் போட்டேன். மனுஷர் போக்கரிலேயே மட்டமான கையான ஒரு இரண்டும் ஒரு ஏழும் வைத்துக்கொண்டு, "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று மொத்தத்தையும் தள்ளுகிறார்! ஒன்பது ஆட்டம் ஆடினோம். ஒன்பதிலும் தள்ளினார், எட்டில் தோற்றார். இப்படி ஒரு சம்பந்தி தவம் கிடந்தாலும் கிடைப்பாரா? தை இருபதில் கல்யாணம். நிறுத்துகிறேன் என்று வந்து நின்றாயோ, காலை ஒடித்துவிடுவேன்.