மெழுகு குடித்த அத்திக்குச்சிகள்

ஒரு வேலையைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மாப்பிள்ளையே தெரிந்துகொள்வார் என்று விடுகிறவர்களால்தான் நாட்டில் மாப்பிள்ளைமார் மானம் கப்பலேறுகிறது. அந்த அத்தி விஷயத்தில் தப்பு என்னுடையது என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. இனியும் மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மெழுகு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி, முனையை மெழுகில் தோய்த்து, அதன்மேல் மருந்து வைப்போம். (மெழுகில்லாத குச்சி சுர்ரென்று எரிந்து அணைந்துவிடும். இதெல்லாம் என் மாமனாருக்குத் தெரியுமா?)

அவருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலம். அதில் கிணற்றடித் துண்டு மட்டும்தான் எப்போதும் பச்சை. அங்கே தோட்டம் போட எனக்கு ஆசை. வாய்விட்டே கேட்டேன். அவர் தன் சீமையத்தி மரத்திலிருந்து ஒரு கட்டுக் குச்சி வெட்டிக் கொடுத்தார்.

"மொதல்ல வீட்டுல இதத் தளைக்க வைங்க மாப்ளே. பெறகு கெணத்தடியப் பாப்பம். வெட்டுன முனையில மெளுகு தொட்டு வைங்க, காயாது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் மனுஷர்!

குச்சிக்கு இரண்டு முனை. இரண்டும் வெட்டியவைதான். எந்த முனை என்று சொன்னாரா? இல்லை. ஆபீஸில் செய்வது போலக் கட்டைத் தரையில் தட்டினேன். தடித்த முனைகள் ஒரே மட்டத்துக்கு வந்தன. மெழுகை உருக்கி, அந்தப் பக்கத்தை நன்றாக முக்கி எடுத்தேன்.

"ஏங்க, மண்ணுக்குள்ள போறதுலயா மெளுகு?" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

"எனக்கே தொளில் சொல்லித் தாரியா? போயி ஒலையப் பாரு" என்று சொல்லி, மெழுகு முனை மண்ணுக்குள் போக வரிசையாக ஊன்றினேன்.

கட்டுப் பிரிந்து, மெழுகு படாமல் நழுவிக் கிடந்த ஒரு குச்சியை எடுத்துப்போய் அவள் துவைகல் பக்கம் ஊன்றிவைத்தாள்.

சில நாளில் என் குச்சிகள் இலை விட்டன! ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். மாமனாருக்கு ஆள் அனுப்பினேன். அவர் பஸ் பிடித்து வருவதற்குள் அத்தனை இலையும் தொங்கிவிட்டது. குச்சியில் இருந்த சாரத்தில் துளிர்த்ததாம், வேர் இல்லாமல் எத்தனை நாள் தாங்குமாம். பிறகு ஆளாளுக்கு விளக்கம். முன்னாடி சொல்ல ஒருத்தனுக்கும் வாயில்லை.

மாமனார் ஒரு குச்சியைப் பிடுங்கினார். அடியில் வேர் இல்லை, வெள்ளை வெளேரென்று மெழுகுதான். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய அடச்சுட்டு வேர எங்கிட்டுத் தேடுறீக மாப்ளே? மருந்த மட்டும் ஏன் விட்டீக? அதையும் வச்சிருந்தா ஒரசியாவது பாத்திருக்கலாம்ல?"

கதவுக்குப் பின்னால் சிரித்தது யார் தெரியுமா? நான் தாலி கட்டிய மனைவி! அவள் ஊன்றிய குச்சி மட்டும் ஜம்மென்று நின்றது. கிணற்றடித் துண்டை அவர் அன்றே கொடுத்துவிட்டார், மகளுக்கு. அவள் அந்தக் குச்சியை அங்கே கொண்டுபோய் நட்டாள்.

இன்று அது பெரிய மரம். தண்ணீர் இறைத்து ஊற்றுவது நான். அணில் விரட்டுவது நான். பழம் வாங்க வரும் சொந்தக்காரர்களிடம் பேச்சியம்மாள் சொல்வதோ ஒன்றே ஒன்றுதான்:

"நம்பிச் சாப்பிடுங்க. இது அவுக கையிலருந்து தப்பிச்ச மரம்."