ரப்பர் காக்காவின் மூன்று டயர்கள்

நான் கண்ட மனிதர்களில் ரப்பர் காக்காவைப் போலப் பயந்தவர் எவருமில்லை. அவரைப் போல மற்றவர்களைப் பயமுறுத்தியவரும் எவருமில்லை. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் கல்முனையில் ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரும் "இஞ்ச பாருங்க" என்றுதான் கூப்பிடுவார்.

தேய்ந்த டயரின் மேல்தோலைச் சுரண்டியெடுத்து, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்து அவித்துக் கொடுப்பது அவர் தொழில். டயரை வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குவார். கொடுத்தவர் தூங்கமாட்டார். மழை இருண்டால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "தம்பி, டயர் இரிக்கா?" என்று கேட்பார். ஒருவர் மரண வீட்டில் ஜனாஸாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, "டயர் இரிக்கி காக்கா, மாமாதான் மௌத்தாப் போய்ட்டார்" என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மனைவியின் தம்பி நிஜாம் போய், பந்தயத்துக்கு டயர் கேட்டான்.

சம்மாந்துறைப் பக்கம் அறுவடை முடிந்த கையோடு மூன்று சக்கர ஓட்டோப் பந்தயம் ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. கிரவல் மண் போட்டு இறுக்கிய வட்டப் பாதையில் இருபது சுற்று. வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் வளைவில் வண்டி கவிழாமல் உள்பக்கமாக வெளியே தொங்க வேண்டும். தொங்குவதற்குக் கனமான ஆள் தேவைப்பட்டது. நிஜாம் குடும்பத்தில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு என்னை மட்டும் பார்த்தான்.

காக்கா முதலில் மெதுவான, அமுக்கினால் அமுங்கும் ரப்பரில் டயர் செய்தார். ஒலுவில் துறைமுகம் வரை ஓட்டிப் பார்த்தோம். பல்லியைப் போல வீதியைப் பிடித்தது. திரும்பி வந்தபோது ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. நூல் தெரிந்தால் டயர் எந்த நேரமும் வெடிக்கும். காக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

அடுத்தது கடுமையான ரப்பர். அது தேயவே இல்லை. ஆனால் காரைதீவு வளைவில் சின்னத் தூறலுக்கே வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால் போய் நின்றது. கடைக்காரர் நிதானமாக, "என்ன வேணும்?" என்று கேட்டார். நான் வண்டிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஒரு கிலோ கத்தரிக்காய் நிறுத்தார்.

"பாருங்க தம்பி," என்றார் காக்கா. "பிடிக்கிற ரப்பர் தேயுது. தேயாத ரப்பர் பிடிக்குதில்ல. நான் என்னதான் செய்யிற?"

"நீங்க ஒண்டும் செய்ய வேணா. நான் போகல்ல" என்றேன்.

"மச்சான், பேரக் குடுத்தாச்சி!" என்றான் நிஜாம்.

அதன் பிறகு காக்கா சோற்றைக்கூட மறந்தார். கரித்தூளும் கந்தகமும் முகமெல்லாம் அப்பியிருக்க, ரப்பரை நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மனைவி பட்டறைக்கே சோறு கொண்டு வந்து, "இதையும் அவிச்சிராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மதிய ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் இருந்து நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, பாதை முழுக்க இடப்பக்கம்தானே திரும்புது? அப்ப பாரமெல்லாம் வலப்பக்க டயர்லதான் விழும். தேயிறதும் அதுதான். வலத்துக்குக் கடுமை, இடத்துக்கு மெது, முன்னுக்கு ரெண்டுக்கும் நடுவில. ஏன் மூணும் ஒரே மாதிரி இரிக்கணும்?"

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தோஷத்தைக் கண்டேன். அது சில விநாடிகள்தான் இருந்தது.

"கலவை பிழைச்சிருந்தா?" என்றார்.

பந்தய நாள் காலையில் என் மனைவி யாசீன் அத்தியாயம் ஓதி என்மேல் ஊதினாள். காக்கா மூன்று டயர்களிலும் ஊதினார். இடப்பக்கம் தொங்கிய எனக்கு நிலம் காதருகே ஓடியது. மூன்றாம் சுற்றில் என் ஒரு செருப்புப் போனது. ஏழாம் சுற்றில், மௌத்தாகும் நேரம் சொல்லும் கலிமாவை இரண்டாவது தடவையாகச் சொல்லி முடித்தேன். ஆனால் டயர்கள்! மற்ற ஓட்டோக்கள் வளைவில் வழுக்கி வெளியே போக, எங்கள் வண்டி கோடு கீறியதுபோலத் திரும்பியது. பதினைந்தாம் சுற்றில் நாங்கள்தான் முன்னால்.

காக்கா வளைவோரம் குந்தியிருந்து, சிதறி வந்த ரப்பர்ச் சீவல்களைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் சுற்றில் திடீரென எழுந்தார். பெரிய வீதியைக் கடக்கக் கால் மணி நேரம் காத்து நிற்கும் அந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாதைக்கு நடுவே பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"நூல் வந்திட்டு! நிப்பாட்டு! நூல் வந்திட்டு!"

நிஜாம் பிரேக்கை மிதித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவருடைய சாரத்துக்கும் எங்கள் முன் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. காக்கா அப்போதும் கையை இறக்கவில்லை. மற்ற ஓட்டோக்கள் ஒவ்வொன்றாக எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

நிஜாம் இறங்கி வலப்பக்க டயரைத் தடவிப் பார்த்தான். இன்னும் இருபது சுற்று ஓட ரப்பர் இருந்தது. காக்காவின் கையிலிருந்த சீவலில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. பாதையோரம் கட்டியிருந்த சோடனைக் கொடித் தோரணத்தின் நூல்.

"காக்கா!" நிஜாமுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு சுத்துதானே!"

காக்கா நூலைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "டயர் நூலாத்தான் இருந்திருந்தா?" என்றார். "வளைவில வெடிச்சா கீழ போறது இவர்தானே. இவருக்கு மூணு புள்ள."

நிஜாம் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. எனக்கும் அன்று கோபம்தான்; பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் பலர் என்னை நல்ல மனிதன் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து, ஓடுகிற வண்டிக்கு முன்னால் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.