ஷாம்பு போட்ட கண்ணாடி

மனைவியின் கண்ணில் ஷாம்பு போன பெருமை முழுக்க ஆடிட்டரையே சேரும்.

கடலில் இறங்குமுன் முகக்கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினால் ஆவி படியாது என்றார் முக்குளிக்கக் கற்றுத்தருபவர். உலகமே அப்படித்தான் செய்கிறது. நம் ஆடிட்டருக்குக் குமட்டியது. மனைவியின் கண்ணாடியை வாங்கி, ரிசார்ட் குளியலறை ஷாம்புவைத் தாராளமாகப் பூசினார். கழுவத்தான் மறந்துவிட்டார்.

இறங்கிய வேகத்தில் அவள் மேலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு எரியுதாம்மா?"

"சேச்சே, குளுகுளுன்னு இருக்கு. கொஞ்சம் கண்டிஷனரும் போட்டு விடுங்க."

துண்டு தேடிப் படகின் உள்ளறைக்கு ஓடினார். வெகு நேரம் துழாவி எதையோ கொண்டுவந்தார்.

"சார், அது என் சட்டை" என்றார் படகோட்டி.

ஒரு கடலாமையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய பள்ளிக்காலத்து ஆசை. இத்தனை தூரம் வந்ததே அதற்காகத்தான்.

"ஆமையைக் காட்டாம ஊருக்குக் கூட்டிட்டுப் போனா என் பேரை மாத்திக்கிறேன்."

"பேரை மாத்தி? புத்தி அதேதானே இருக்கும்?"

மறுநாள் துடுப்புப் படகு எடுத்தார். ஒரே பக்கமாகத் துழாவியதில் அது செக்குமாடுபோல நின்ற இடத்தையே சுற்றியது. திசை மாற்றுகிறேன் பேர்வழி என்று துடுப்பை வேறு நழுவவிட்டார். படகோட்டிதான் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"இந்நேரம் ஆமையே நம்மளை வேடிக்கை பார்த்துட்டுப் போயிருக்கும்" என்றாள் மனைவி.

ரோஷம் வந்து, அவளோடு தானும் முக்குளிக்கப் பெயர் கொடுத்தார். இருவர் ஜோடி. ஒருவரின் முதுகுச் சிலிண்டரில் காற்றுக் குறைந்தாலும் இருவரும் மேலே வந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

உள்ளே, வெயில் உருகி நீலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் மீன்கள் கல்யாணத்துக்குப் போகும் கூட்டம்போலச் சாவகாசமாகக் கடந்தன. பேச்சில்லை, போன் இல்லை. மூச்சு மட்டும் குமிழ் குமிழாக வானத்தைத் தேடிப் போனது. பயத்தில் மனைவியின் கையைப் பற்றியவர் விடவேயில்லை. ஒரே கனவுக்குள் இருவர் நுழைந்துவிட்டதுபோல மிதந்தார்கள்.

தூரத்து நீலத்தில் ஏதோ அசைந்தது. ஆமையா? அந்தப் பதற்றத்தில் ஆடிட்டர் துருத்திபோல மூச்சு வாங்க, காற்று தீர்ந்தது. மேலே வந்தாயிற்று.

"நல்லா மூச்சு விட்டீங்க! எனக்கும் சேர்த்து விட்டுட்டீங்க."

அடுத்த நாளும் அதே கை, அதே துருத்தி, அதே ஏமாற்றம். அதற்கடுத்த நாளும்.

கடைசி மாலை. படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் மனைவி அலையின் தாலாட்டில் கண்ணயர்ந்திருந்தாள். தூக்கத்திலும் சிரித்த முகம். ஆடிட்டர் துண்டை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டார். மெதுவாகப் படகோட்டியிடம் போனார்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இந்தக் கடல்ல ஆமை இருக்கா, இல்லையா? பாவம், இவ ஆசை நிறைவேறாமலே போயிடுமா?"

படகோட்டி ஒருமுறை முன்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம் முதல் நாளே பார்த்துட்டாங்க சார், நீங்க உள்ள துண்டு தேடிட்டு இருந்தப்போ ஏணிக்குப் பக்கத்துலயே வந்துச்சு. நேத்து உங்ககிட்ட சொல்லிடலாமான்னு கேட்டேன். 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் என் கையைப் பிடிக்க மாட்டார்'னுட்டாங்க."