வெள்ளைப் பக்கத்து வான்கோழி

எழுத்தைக் கண்டாலே ஆகாத மனிதர்கள் சிலர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வேலை பார்ப்பதெல்லாம் பத்திரிகையில்தான். பக்கங்களை வடிவமைக்கும் ஆர்ட் டைரக்டர் என்று பெயர். நம் மன்ஹாட்டனில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார், லிஃப்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னல் டை, கறுப்புச் சட்டத்துக் கண்ணாடி, சட்டைப் பையில் எஃகு அளவுகோல். வணக்கம் சொன்னால் உங்கள் கோட்டுப் பித்தான்களை எண்ணிவிட்டு, ஒன்று அதிகம் என்பதுபோல் முகம் சுளிப்பார்.

நான் சொல்ல வந்தவர் லாயிட் ஹாஃப்ஸ்டெட். ஓஹையோவில் மாட்டுத் தீவனக் கடைக்காரரின் மகன். சுவிட்சர்லாந்துக்காரர்களின் பக்க வடிவமைப்பைப் பார்க்க ஜூரிச்சில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தாய்மொழியையே நேற்றுக் கற்றவர்போல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். ‘நல்ல மேசை’ என்ற சமையல் மாத இதழில் அவர் கால் வைத்த மாதமே ஆங்கிலத்தின் கேப்பிடல் எழுத்துகளுக்கு வேலை போயிற்று. பிறகு படக்குறிப்புகளைத் தூக்கினார், கடைசியில் பக்க எண்களையும் தூக்கிவிட்டார். பொருளடக்கம் மட்டும் திக்குத் தெரியாமல் நின்றது. ஏன் என்றால், பக்கம் மூச்சு விட வேண்டுமாம். படிக்கிறவர்?

இவரோடு மல்லுக்கட்ட வாய்த்தவள் ஆக்னஸ் டௌட், பத்தொன்பது வருடமாகச் சமையல் பக்கம் எழுதுகிறவள். மூன்று முறை அடுப்பில் செய்து பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடமாட்டாள். 1953 நவம்பர் இதழுக்கு, நன்றி நவிலும் நாள் விருந்துக்கான வான்கோழியை எழுதிக் கொடுத்தாள். ஹாஃப்ஸ்டெட் இரண்டு பக்கத்தையும் வெள்ளையாக விட்டு, ஓரத்தில் ஒரே ஒரு எலும்பின் படத்தை வைத்து, அதன் அடியில் எறும்பளவு எழுத்தில் செய்முறையை ஒதுக்கினார். அப்படியும் கடைசி வரி அவர் கண்ணை உறுத்தியது.

“அந்த வரியில என்னதான் இருக்கு, ஆக்னஸ்?”

“எத்தனை மணி நேரம் வேகணும்னு இருக்கு.”

“வெந்துதா இல்லையான்னு பார்த்தாலே தெரியாதா?”

“புதுசாக் கல்யாணமானவங்களுக்குத் தெரியாதுங்க. அவங்களுக்குத்தான் நான் எழுதறதே. அதை மட்டும் எடுத்துடாதீங்க.”

தலையாட்டினார். ஆனால் எழுத்தையும் படத்தையும் ஒட்டி அச்சகத்துக்கு அனுப்பும் பலகை கடைசியாகத் தங்குவது ஆர்ட் டைரக்டர் மேசையில்தான். ஆக்னஸ் கிளம்பியதும் பிளேடு முனையால் அந்த வரியை நோகாமல் கிள்ளி எடுத்துவிட்டார். பக்கம் என்னவோ அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

விருந்து முடிந்த திங்கட்கிழமை டெலிபோன் ஓயவில்லை. ஊரில் பாதிப் பேர் பச்சை மாமிசத்தைச் சுற்றி உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். வகையாக மாட்டியது பதிப்பாளர் கிம்பரின் இளம் மனைவி. மாமியார் கத்தியை வைத்ததும் பறவையிலிருந்து ரத்தம் வந்ததாம். கிம்பர் இருவரையும் கூப்பிட்டார், ஆனால் காய்ச்சியது ஆக்னஸைத்தான்; பக்கத்தில் அச்சாகியிருந்தது அவள் பெயரல்லவா? வேலையே போகும் என்றார். அவள் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தந்தி வந்தது. அந்த வெள்ளைப் பக்கத்துக்கு ஓவியர் சங்கத்தின் தங்கப் பதக்கம்.

கிம்பரின் முகம் மலர்ந்துவிட்டது. பதக்கத்தை வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். யாருக்கும் வேலை போகாது, ஆனால் இனி வேகும் நேரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். ஹாஃப்ஸ்டெட் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்து, ஒரு வரிக்குத்தான் இடம் என்றார்.

ஜனவரி இதழில், பன்றித் தொடை மூன்றரை மணி நேரம் வேக வேண்டும் என்று தெளிவாக இருந்தது. ஆக்னஸ் டௌட் என்ற பெயரைத்தான் காணோம்.

அதே இதழில் பிழை திருத்துகிற நான் அந்தப் பக்கத்தை அவள் முன் விரித்துக் காட்டினேன். அவளோ, “யாரும் பச்சையாத் தின்ன மாட்டாங்க, அது போதும்” என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆளை நீங்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் இதைப் படித்து வருகையில், நடுவே நாலு வரியை வெட்டியிருந்தால் கச்சிதமாக இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், அடுப்பில் இருப்பதைக் குத்திப் பார்த்துவிட்டு விருந்தாளிகளைக் கூப்பிடுங்கள்.