சிக்னல் சாமியின் பெடல்

ஊரிலுள்ள நரம்பெல்லாம் ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டதோ என்னவோ, வாடகை மண்டபத்து வாசலில் அப்படி ஒரு கூட்டம். உள்ளே சிக்னல் சாமி, திரைக்குப் பின்னால். முகம் பார்த்தால் சக்தி கலைந்துவிடுமாம். திரையிலுள்ள ஓட்டை வழியாகக் கையை மட்டும் நீட்ட வேண்டும். மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் நரம்பில் அடைப்பு. சாமி முணுமுணுத்தபின் பச்சை எரிந்தால் குணம். காணிக்கைக்கு மட்டும் விளக்கே தேவையில்லை.

வரிசையில் தையல்காரர் நின்றார். கை நடுக்கம். மாத்திரை ஆகாது என்று சாமி சொல்வதாகக் கேள்விப்பட்டு, மூன்று நாளாக அதை நிறுத்தியிருந்தார். ஊருக்கே சட்டை தைத்தவருக்கு இன்று தன் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. போட்டுவிட்ட மனைவியும் கூடவே நின்றாள். அவள் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா.

"டாக்டரும் இதத்தானே சொன்னாரு? நரம்புல போக்குவரத்து கெட்டுப்போச்சுன்னு" என்றார் அவர்.

"ரோட்டு வண்டியவா சொன்னாரு? நரம்பு செல்லுக்குள்ள சரக்கு ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்குப் போகணுமாம். அது தடுமாறுதுன்னாரு. பார்சல் போய்ச் சேரலைன்னா, எங்க ஆபீஸ் வாசல்ல பச்சை விளக்கு போட்டா சேர்ந்துடுமா?"

அதற்குள் முறை வந்தது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து எதையோ எடுத்து ஓட்டைக்குள் நீட்டினாள். முழுக்கைச் சட்டை போட்ட கை.

சிவப்பு எரிந்தது.

"முத்தின அடைப்பு. கை எப்படிச் சில்லுனு இருக்கு பாரு. இங்கிலீஷ் மாத்திரைய உடனே நிறுத்து."

முணுமுணுப்பு. பிறகு, டக். பச்சை.

"குணமாயிடுச்சு. விரல மடக்கு."

"மடங்காது சாமி. எங்க தையல் கடை பொம்மையோட கை."

கூட்டம் சிரித்தது. தையல்காரர் சிரிக்கவில்லை. அவர் காது அந்த 'டக்'கிலேயே நின்றது. நாற்பது வருஷம் காலடியில் கேட்ட சத்தமாயிற்றே. நடுங்கும் கையாலேயே திரையை இழுத்தார். சாமியின் கால், தையல் மிஷின் பெடல்மேல் இருந்தது. அதிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்.

"இத மிதிக்கிறதுக்கா என் மாத்திரைய நிறுத்தச் சொன்னே?"

சாமியின் கால் நரம்பில் அப்போதுதான் போக்குவரத்து சீரானது. பின்வாசல் வழியாக ஓடினார்.

வீட்டில் தையல்காரர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். கை நடுக்கம் உடனே நின்றுவிடவில்லை. மாத்திரை ஒன்றும் சாமி இல்லையே. ஆனால் வரிசையில் நின்ற பாதிப்பேர், சாமி எந்த ஊருக்குப் போனார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் சரக்கு தடுமாறினால் பார்க்க டாக்டர் இருக்கிறார். கண்ணால் கண்டது புத்திக்குப் போய்ச் சேரவில்லையென்றால், ஐயா, அதை நீங்களேதான் சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும்.