முதுமைக்குத் தகுதியற்றவர்

வயது என்பது பிறந்த தேதியைப் பொறுத்தது என்றொரு மூடநம்பிக்கை பழனி மலைத்தொடரில் நெடுங்காலமாக நிலவி வந்தது. அதை ஒழிக்கவே 'உயிரணு ஆற்றல்வழி ஆரோக்கிய முதுமைத் திட்டம்' கொடைக்கானலுக்கு மலையேறி வந்தது. இனி ஒருவருடைய வயதை அவருடைய உயிரணுக்களே முடிவு செய்யும். முதியோருக்கான இலவசக் கண் அறுவைச் சிகிச்சையும் அதன்படியே வழங்கப்படும்.

வடகவுஞ்சி ஞானம்மாவுக்கு எழுபத்திரண்டு. இரண்டு கண்ணிலும் புரை. மூடுபனி விலகிய பிறகும் அவளுக்கு மட்டும் விலகுவதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அதிகாரி எவரானாலும் அவளுக்குத் தொரைதான். மகள் மேனகா கையைப் பிடித்து நாயுடுபுரம் முகாமுக்குக் கூட்டி வந்தாள். இரத்தம் எடுத்தார்கள். இயந்திரம் முனகியது. திட்ட அலுவலர் சிவமுருகன் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாழ்த்துகள்மா! உங்க செல்லுக்கு முப்பத்தாறு வயசு."

"எங்கிட்ட ஏது தொரை செல்லு? மகதான் வச்சிருக்கா. அது போன தீவாளிக்கு வாங்கினது."

"உடம்புக்குள்ள இருக்குற செல்லும்மா. ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு கரண்டு ஆபீஸ் இருக்கு. உங்களுக்கு ஜோரா ஓடுது. என்ன சாப்பிடுறீங்க?"

"கேப்பக்களி, கீரை. காட்டு வேலைக்கு நடந்து போய் நடந்து வாறது. ராவைக்கு இருந்தாத் திங்கிறது."

"இடைவெளி உண்ணாநோன்பு!" என்றார் சிவமுருகன், பரவசத்துடன்.

"ஆபரேசன் எப்ப சார்?" என்றாள் மேனகா.

"அது அறுபதுக்கு மேலம்மா. இவங்களுக்கு இன்னும் இருபத்துநாலு வருசம் கெடக்கு."

"கண்ணு தெரியலியே சார்!"

"கண்ணு முதுமையா இருக்கலாம். ஆளு இளைஞி. அரசாணை ஆளுக்குத்தான்."

ஞானம்மா யோசித்தாள். "வெரசா கெழவியாக வழி இருக்கா தொரை?"

அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. ஆயினும் பயனாளியைக் கைவிடுவது மரபல்ல.

"நான் சாப்பிடுறதச் சாப்பிடுங்க. காலையில பரோட்டா, மதியம் பிரியாணி, சாயந்தரம் ஹோம்மேட் சாக்லேட். நடக்கவே கூடாது."

"உங்க செல்லுக்கு என்ன வயசு சார்?" என்றாள் மேனகா.

"அது ரகசியக் கோப்பும்மா."

மேனகா பெருமாள்மலையிலிருந்து பரோட்டா வாங்கி வந்தாள். ஞானம்மா அரசுக்குக் கட்டுப்பட்டவள். உட்கார்ந்தாள், தின்றாள். மழைக்காலம் முடிவதற்குள் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. இயந்திரம் அறுபத்தொன்று என்றது. மேனகா சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

கண் மருத்துவர் லீலா அறிக்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சுகர் இவ்வளவு இருந்தா ஆபரேசன் பண்ண முடியாதும்மா. கேப்பக்களி சாப்பிட்டு, நல்லா நடந்து, கொறைச்சிட்டு வாங்க."

"கொறைஞ்சா மறுபடி கொமரியாயிருவேனே தாயி!"

அது மருத்துவம் சாராத கேள்வி என்பதால் லீலா அடுத்த நோயாளியை அழைத்தார்.

திட்ட நிறைவு விழா விமரிசையாக நடந்தது. பீங்கான் கிண்ணங்களில் கேப்பைக்களி வந்தது. வெளியூர்ப் பெருமக்கள் கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். "இவ்வட்டாரத்தில் அறுவைச் சிகிச்சைக்குத் தகுதியான முதியவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறோம்" என்று சிவமுருகன் படித்தார். மண்டபம் அதிர்ந்தது.

ஞானம்மாவும் எழுந்து நின்று, சத்தம் வந்த திசை என்று நினைத்து, பின்சுவரைப் பார்த்துக் கைதட்டினாள்.

அருகில் இருந்தவர்கள் யாரோ பெரிய மனிதர் அந்தப் பக்கமாக வருகிறார் என்று பதறி எழுந்து, சுவரைப் பார்த்துத் தட்டினார்கள். வரிசை வரிசையாகத் திரும்பினார்கள். கடைசியில் மேடையில் இருந்தவர்களும் எழுந்து அந்தச் சுவரை நோக்கிக் கைகூப்பினார்கள்.